நாய்க் காப்பகங்கள் ஏன் நிரம்பி வழிகின்றன?

1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்களில் பலர் வீட்டு நாயை அவிழ்த்துவிட்டுத்தான் புறப்பட்டார்கள். பின்னர் வன்னியிலும் அதுவே நடந்தது. அது வேறு வழியில்லாத கைவிடல். இன்று சந்தையடியிலும் கோயில் வீதியிலும் உரப்பையில் கட்டி விடப்படும் குட்டிகளின் கதை வேறு. கடுவன் குட்டியை வைத்துக்கொண்டு பெட்டைக் குட்டிகளை விடுகிறோம்.

சிறிய காப்பகங்களுக்கு வந்து சேர்வதும் இந்தக் குட்டிகள்தான். அவற்றுக்குச் சோறும் தண்ணீரும் மட்டும் போதாது. தடுப்பூசி போடாத ஒரு குட்டி பார்வோ வைரஸுடன் உள்ளே வந்தால், இரத்தக் கழிச்சல் கண்டு மற்றக் குட்டிகளும் சாகலாம். அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கும். சவர்க்காரத்துக்கு அழியாது, குளோரின் வேண்டும். ஆகவே புதிதாக வரும் குட்டியை இரண்டு வாரமாவது தனியே வைக்க வேண்டும். தனி அறை, தனிப் பாத்திரம், முடிந்தால் தனி ஆள். இரண்டு பேர் நடத்தும் இடத்தில் இது இலகுவல்ல.

இடமில்லை என்று சொன்னாலும் பயனில்லை. இரவோடிரவாகப் படலையடியில் விட்டுவிட்டுப் போவார்கள்.

பெட்டை நாய் ஆறு மாதத்திலேயே பருவத்துக்கு வரலாம். சினைப்பட்டால் ஏறத்தாழ 63 நாளில் குட்டி ஈனும். அதற்கு முன் கால்நடை வைத்தியரிடம் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்தால் அடுத்த உரப்பை தேவைப்படாது.

காப்பகத்துக்கு ஒரு மூட்டை அரிசி கொடுப்பது நல்ல உதவி. உங்கள் வளவில் நிற்கும் பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்விப்பது அதைவிடப் பெரிய உதவி.