நிர்வாகியின் யோக்கியதை

பிரஜா உரிமைக்குப் பாடுபடும் ஸ்தாபனம் தன் நிர்வாக சபைக்கு அங்கத்தினரைத் தேர்ந்தெடுக்கையில் எதைப் பார்ப்பது? தொண்டையா, கட்சியையா? அமெரிக்காவில் நடந்ததொன்றை நம் தேசபக்தர்கள் அறிதல் நலம்.

1920-ல் அமெரிக்கப் பிரஜா உரிமைச் சங்கத்தைத் தோற்றுவித்தோருள் எலிஸபெத் கர்லி பிளின் அம்மையாரும் ஒருவர். தொழிலாளரின் பேச்சுரிமைக்காகச் சிறை புகுந்தவர். அவர் கம்யூனிஸ்ட் என்பதை அறிந்தே 1939-ல் அவரை நிர்வாக சபைக்கு ஏகமனதாக மீண்டும் தேர்ந்தெடுத்தனர். அவ்வாண்டு ஆகஸ்டில் ஸோவியத்-ஜெர்மன் ஒப்பந்தம் ஏற்பட்டது. அமெரிக்காவில் காற்று திசைமாறியது. சர்வாதிகாரத்தை ஆதரிப்போர் நிர்வாகத்தில் இருத்தல் தகாதென்று 1940 பிப்ரவரியில் தீர்மானம் பிறந்தது. மே மாதம் நள்ளிரவு கடந்தும் விசாரணை நடைபெற்றது. வோட்டுகள் சமமாகவே, தலைவர் ஹோம்ஸ் பாதிரியாரின் வோட்டினால் அம்மையார் நீக்கப்பட்டார்.

சுதந்திரத்தை ஓரிடத்தில் கோரி, அது பறிக்கப்படுவதை வேறிடத்தில் ஆதரிப்பவர் அதன் காவலராகலாமா என்ற வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் அதைத் தேர்தலுக்கு முன்னன்றோ எழுப்பியிருக்க வேண்டும்? அறிந்து தேர்ந்தெடுத்தபின் புதுவிதி செய்து, அதைக் கொண்டே தண்டிப்பது நியாயமாகாது. நம்பிக்கை போய்விட்டால் அடுத்த தேர்தல் இருக்கிறது. கட்சித் தொடர்பு மாத்திரமே குற்றமாகாதென்று நீதிமன்றங்களில் வாதாடிய சங்கம், தன் வீட்டில் அதை மறந்தது.

1976-ல் சங்கம் அந்நீக்கத்தை ரத்து செய்தது. அம்மையாரோ 1964-லேயே காலமாகிவிட்டார். வோட்டளிக்குமுன் தயங்காது வினவுங்கள். அளித்தபின் சொந்த விதிக்குக் கட்டுப்படுங்கள். சுதந்திர ஸ்தாபனத்திற்கு இதுவே அழகு.