கையெழுத்து இல்லாமல் குழியில் இறங்காதீர்கள்

வெள்ளவத்தையில் கடற்கரையை ஒட்டிய மாடிவீடுகளை உப்புக்காற்று விடுவதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சாரம் கட்டிப் பெயின்ட் அடித்தே ஆகவேண்டும். கொட்டாஞ்சேனையின் பழைய கட்டடங்களில் நிலத்தடித் தண்ணீர்த் தாங்கியையும் மலக்குழியையும் யாராவது உள்ளே இறங்கித்தான் துப்புரவாக்குகிறார்கள். இந்த வேலைகளுக்கு வருபவர்களில் பலர் ஹற்றன், நுவரெலியாப் பக்கத்திலிருந்து நாட்கூலிக்கு வந்த இளைஞர்கள். யார் கூப்பிட்டது, யார் பொறுப்பு என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இராது. ஆள் விழுந்த பிறகு மாடிவீட்டு முகாமைக் குழு கொந்தராத்துக்காரரைக் கைகாட்டும். அவரோ, அந்தப் பையன் தன்னிடம் வேலைக்கே வரவில்லை என்பார். இதே கதையைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறோம்.

2017 மே 18ஆம் திகதி வெள்ளவத்தை சார்ளிமன்ட் வீதியில், சவோய் திரையரங்குக்கு அருகே ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று இடிந்து விழுந்ததை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க முடியாது. உயிர் போனது, பலர் காயப்பட்டார்கள். அன்று கட்டட அனுமதி பற்றி எல்லோரும் பேசினார்கள். உள்ளே வேலை செய்பவருக்கான அனுமதி பற்றி இன்றைக்கும் பேச்சில்லை.

வேலை அனுமதிப் பத்திரம் ஒரேயொரு தாள். வேலையாளின் பெயர், அடையாள அட்டை இலக்கம், இடம், திகதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம் அதில் இருக்க வேண்டும். மின்சாரத்தையும் தண்ணீர்ப் பம்பையும் நிறுத்தியவர் யார், உள்ளே காற்றைச் சோதித்த அளவு என்ன, மேலே நின்று பார்த்துக்கொண்டிருப்பவர் யார், மயங்கினால் எப்படித் தூக்குவது என்பதையும் எழுத வேண்டும். வேலை கொடுப்பவரும் செய்பவரும் கையெழுத்திட வேண்டும். அன்றைய வேலை முடிந்ததும் தாள் காலாவதியாகிவிடும். மறுநாளுக்குப் புதுத் தாள். அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இப்படி எழுதிய அனுமதி இல்லாமல் மூடிய குழிக்குள் ஆளை இறக்குவது சட்டப்படி குற்றம்.  இங்கேயோ மாடிவீட்டுக் குழிக்குள் கயிறுகூட இல்லாமல் ஆளை இறக்குகிறார்கள்.

குழி விடயத்தில் மூக்கை நம்பாதீர்கள். சாதாரணக் காற்றில் ஒட்சிசன் 20.9 சதவீதம். அது 19.5க்குக் கீழே இறங்கினால் உள்ளே போகக் கூடாது. மலக்குழியில் உண்டாகும் ஐதரசன் சல்பைட்டு அழுகிய முட்டை போல நாறும். ஆனால் பத்து இலட்சம் பங்கு காற்றில் நூறு பங்கை அது எட்டியதும் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று இறங்குபவர் அந்த நேரத்தில்தான் சாகிறார். மெழுகுதிரியை ஏற்றி இறக்கிப் பார்ப்பதும் வேண்டாம், குழியில் மெதேன் இருந்தால் அது வெடிக்கும். வாயு அளக்கும் கருவி இல்லையென்றால் வேலையும் இல்லை.

ஒருவர் உள்ளே மயங்கிவிட்டால் காப்பாற்ற நீங்கள் இறங்காதீர்கள். 2018 ஏப்ரலில் ஹொரணை பெல்லபிட்டியவில் இறப்பர் தொழிற்சாலை ஒன்றின் தொட்டிக்குள் ஒருவர் விழுந்தார். காப்பாற்றப் போனவர்களும் சேர ஐந்து பேர் இறந்தார்கள். மேலே நின்று கயிற்றால் இழுங்கள். 110க்கு அழைத்துத் தீயணைப்புப் படையை வரச் சொல்லுங்கள், 1990க்கு அழைத்து அம்புலன்சை வரச் சொல்லுங்கள். மறுபடியும் சொல்கிறேன், இறங்காதீர்கள்.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. உயிர் போனாலோ, மூன்று நாட்களுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போனாலோ தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அறிவிக்க வேண்டும். ஆனால் மாடிவீடு தொழிற்சாலை அல்லவே என்று அதிகாரிகள் கையைக் கட்டிக்கொள்கிறார்கள். எல்லா வேலைத்தலங்களுக்கும் ஒரே சட்டம் என்பது ஆண்டுக்கணக்காகப் பேச்சிலேயே இழுபட்டது. 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத் தேசிய நிறுவகம் பயிற்சி நடத்துகிறது. முகாமைக் குழுக்கள் கேட்டுப் போனால்தானே!

அடிபட்டவருக்கு உதவுவது இன்னொரு சட்டம், 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் இழப்பீட்டுக் கட்டளைச் சட்டம். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் இழப்பீட்டின் உச்ச வரம்பை 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவிலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியது. வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தையும் சேர்த்தது. போக வேண்டிய இடம் நாரஹேன்பிட்டி கிருள வீதியிலுள்ள தொழில் திணைக்களக் கட்டடமான மெஹெவர பியச. கேட்க வேண்டியது தொழிலாளர் இழப்பீட்டு ஆணையாளரின் அலுவலகம். தமிழில் எழுதிக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. சிங்களத்தில் எழுதிவா என்று திருப்பி அனுப்பினால் அனுப்பியவரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வழக்கு பெரும்பாலும் கெட்டுப்போவது வைத்தியசாலை வாசலில். 'வீட்டில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லு, செலவை நான் பார்க்கிறேன்' என்பார் கொந்தராத்துக்காரர். அப்படிச் சொல்லாதீர்கள். விபத்துப் பிரிவில் அனுமதிக்கும்போதே எந்த வீதியில், எந்தக் கட்டடத்தில், யாருடைய வேலையில் விழுந்தது என்று சொல்லி எழுதுவியுங்கள். வீடு திரும்பும்போது தரும் நோய் அட்டையில் அது இருக்கிறதா என்று பாருங்கள். அன்றே பொலிஸ் முறைப்பாடு செய்து அதன் பிரதியை வாங்குங்கள். சம்பளம் வந்ததற்கான வங்கிச் சிட்டை, கைத்தொலைபேசிச் செய்தி எதையும் அழிக்க வேண்டாம். இறப்பு என்றால் மரணச் சான்றிதழ், மரண விசாரணை அறிக்கை, திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் தேவைப்படும். மலையகக் குடும்பங்களில் அடையாள அட்டையில் ஒரு பெயரும் பிறப்புச் சான்றிதழில் இன்னொரு பெயரும் இருப்பது சாதாரணம். இரண்டும் ஒரே ஆள் என்று கிராம உத்தியோகத்தரிடம் கடிதமும் ஒரு சத்தியக்கடதாசியும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

இறந்தவருக்கான இழப்பீட்டை ஆணையாளரிடம்தான் வைப்பிலிட வேண்டும். மரண வீட்டுக்கு வந்து கடித உறையில் வைத்துத் தரும் காசு அந்த இழப்பீடு ஆகாது. எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். நாட்கூலிக்காரனுக்கு ஒன்றும் கிடையாது என்று யாராவது சொன்னாலும் நம்பிவிடாதீர்கள், அதைத் தீர்மானிப்பது ஆணையாளர்.

இங்கேதான் அந்த ஒற்றைத் தாள் இரண்டாம் முறை உதவுகிறது. 'அவன் என்னிடம் வேலை செய்யவில்லை' என்பவருக்கு எதிராக அவருடைய கையெழுத்தே சாட்சி. தம்பிமாரே, இறங்குவதற்கு முன் அந்தத் தாளைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். தாள் தராதவரின் வேலைக்குப் போகாதீர்கள்.

முகாமைக் குழுக்களில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த பெயின்ட் வேலைக்கு விலை கேட்கும்போதே தொழிலாளர் இழப்பீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தின் பிரதியையும் கேளுங்கள். அதைக் காட்டாதவர் எவ்வளவு குறைவாகக் கேட்டாலும் வேலையைக் கொடுக்காதீர்கள்.