வேப்பங்குச்சிக்கு விடுதலை

இந்தப் பகுதியில் எத்தனையோ சகோதரிகள் மனம் திறந்து எழுதுவதைப் படித்துவிட்டு, 'நாமும் எழுதலாமே' என்று பேனாவை எடுப்பேன். அதற்குள் அடுப்பில் பால் பொங்கும். இந்த முறை எழுதியே தீருவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் ஊர் உத்திரமேரூர் பக்கம் மானாம்பதி. கொஞ்சம் நிலம், இரண்டு மாடு, கணவர், மாமியார், ஒரே மகள். இரண்டு வருஷத்துக்கு முன் மகளுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்தது. சந்தோஷம் ஒரு கண்ணில், பீஸ் பற்றிய பயம் மறு கண்ணில். செயின், வளையல் எல்லாம் ஏற்கெனவே போர்வெல்லுக்குப் போய்விட்டன. மிச்சம் இருந்தது தாலியும், அம்மா வீட்டில் போட்ட கம்மல் ஜிமிக்கியும்தான். கம்மலைக் கழற்றி அடகு வைத்தோம். காது ஓட்டை தூர்ந்துவிடக் கூடாதே என்று வேப்பங்குச்சியை ஒடித்துச் சொருகிக்கொண்டேன்.

கிராமத்துச் சகோதரிகளுக்கு இது புதிதல்ல. ஆனால் அந்தக் குச்சி இருக்கிறதே, அது வீட்டு நிலவரத்தை ஊருக்கே தண்டோரா போட்டுவிடும். "இன்னா, கம்மல் எங்கே?" என்று யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். பேசும்போது கண் மட்டும் காதுக்குப் போய்விட்டு வரும். 'கவரிங் போட்டுக்கொள்ளக் கூடாதா?' என்று நீங்கள் கேட்கலாம். போட்டுப் பார்த்தேன். இரண்டே நாளில் காது வீங்கிச் சீழ் வைத்துவிட்டது. கவரிங்கில் கலக்கும் நிக்கல் என்ற உலோகம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாதாம். நானும் அந்தச் சிலரில் ஒருத்தி.

விசேஷங்களுக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன். வளைகாப்பா, தலைவலி. கிரகப்பிரவேசமா, மாட்டுக்கு உடம்பு சரியில்லை. மாமியாரும் கணவரும் மட்டும் போய் வருவார்கள்.

இதெல்லாம்கூடப் பெரிதில்லை. ஒரு நாள் ராத்திரி ஹாஸ்டலில் இருந்து மகள் போன் செய்தாள். "அம்மா, நான் படிப்பை நிறுத்திட்டு ஏதாச்சும் கம்பெனி வேலைக்குப் போறேன். ஒரு வருஷத்துல உன் கம்மலை மூட்டுடலாம். லீவுக்கு வந்தா உன் காதைப் பார்க்க முடியலைம்மா" என்று அழுதாள். அதட்டி, சமாதானம் சொல்லி போனை வைத்தேன். ராத்திரி பூரா தூக்கமில்லை. கம்மல் போனதற்கு நான் அழுததில்லை. அந்தக் கம்மலாலேயே அவள் படிப்பு நின்றுவிடுமோ என்றுதான் அன்றைக்கு அழுதேன்.

போன தை மாதம் பொங்கல் முடிந்ததும் எங்கள் மகளிர் குழுவில் ஒரு நாள் சுற்றுலா ஏற்பாடு செய்தார்கள். நான் வழக்கம்போல் மாட்டைச் சாக்குச் சொன்னேன். "மாட்டை நான் பார்த்துக்கிறேன், நீ போய்ட்டு வா" என்று மாமியார் வேனில் ஏற்றிவிட்டார். செங்கல்பட்டு வழியாகத் திருப்போரூர் போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு, கேளம்பாக்கம், கோவளம் தாண்டி முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவில் இறங்கினோம்.

பார்க்காத சகோதரிகளுக்காக இரண்டு வரி. சென்னையில் இருந்து மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. 1996ஆம் வருஷம் டிசம்பரில் திறந்தார்களாம். செட்டிநாட்டு வீடு, அக்கிரகாரத்து வீடு, நெசவாளர் வீடு, குயவர் வீடு, கேரளத்து மர வீடு என்று நாலு மாநிலத்துப் பழைய வீடுகளை நிறுத்தியிருக்கிறார்கள். சில வீடுகளை இருந்த இடத்தில் பிரித்து, கதவு, தூண் எல்லாம் கொண்டுவந்து இங்கே மறுபடி பூட்டியிருக்கிறார்கள். உள்ளே உரல், அம்மி, குதிர் எல்லாம் உண்டு. 'இதைப் பார்க்கவா காசு கொடுத்து வந்தோம், எங்க வீட்டுலயே இருக்குதே' என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தோம்.

கைத்தொழில் பயிற்சிகளும் அங்கே நடத்துகிறார்கள். எங்கள் குழுத் தலைவி முன்கூட்டியே பேசி, சுடுமண் நகை செய்யும் பயிற்சிக்கு எங்களைச் சேர்த்திருந்தார். பத்துப் பதினைந்து பேர் தரையில் வட்டமாக உட்கார்ந்தோம். ஆளுக்கு ஓர் ஆரஞ்சுப் பழம் அளவுக்குக் களிமண் உருண்டை. நான் வேப்பங்குச்சி தெரியாமல் முந்தானையைக் காதோடு போர்த்திக்கொண்டு கடைசியில் உட்கார்ந்தேன்.

சொல்லித் தந்த அம்மா முதலில் மண்ணைப் பிசையச் சொன்னார். சப்பாத்தி மாவு மாதிரி அழுத்தி அழுத்திப் பிசைய வேண்டும். உள்ளே காற்றுக் குமிழ் தங்கக் கூடாது. பிறகு மணி உருட்டினோம். சீடை உருட்டுகிற கைக்கு மணி உருட்ட வராதா என்ன! இழை இழுப்பது கைமுறுக்கு சுற்றுகிற மாதிரிதான். ஜிமிக்கிக் குடை செய்வதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அச்சு அசலாகக் கொழுக்கட்டைச் சொப்பு! கட்டை விரல் நுனியில் மண்ணை வைத்து, ஒரே கனமாக வரும்படி மெல்ல மெல்ல அழுத்திச் சுற்ற வேண்டும். ஓர் இடம் தடியாகவும் ஓர் இடம் மெலிசாகவும் இருந்தால் காயும்போது விரிசல் விடும். மொத்தமாக இருந்தால் காது கனக்கும்.

சீப்புப் பல்லால் கோடு, காலி ரீபில் முனையால் வட்டப் புள்ளி, ஊக்கால் பூ இதழ். ஒரு துண்டை இன்னொன்றோடு ஒட்ட, இரண்டு பக்கமும் ஊக்கால் கீறி, மண்ணைத் தண்ணீரில் கூழாகக் கரைத்துப் பசை மாதிரி தடவ வேண்டும். ஓட்டையைக் கம்பியைவிடக் கொஞ்சம் பெரிதாகவே போட வேண்டும். மண் காய்ந்து சுடும்போது சுருங்கும் இல்லையா? அதற்காக.

எனக்கு இருபது நிமிஷத்தில் ஒரு ஜோடி ஜிமிக்கி முடிந்துவிட்டது. அந்த அம்மா கையில் எடுத்துப் பார்த்து, "எங்கே கத்துக்கிட்டீங்க?" என்றார். "பிள்ளையார் சதுர்த்தியிலதான்" என்றேன். பிறகு அவர் கண் என் காதுக்குப் போனது. நான் குனிந்துகொண்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. "கவரிங் ஒத்துக்காதவங்க கொக்கியை மட்டும் வெள்ளியில போட்டுக்கலாம். மண்ணு யாரையும் ஒண்ணும் செய்யாது" என்று பொதுவாக எல்லோருக்கும் சொல்கிற மாதிரி சொன்னார். அது எனக்காகச் சொன்னது என்று எனக்குத் தெரியும்.

கீழடியில் பூமிக்கடியில் கிடைத்த பொருட்களில் சுடுமண் மணிகளும் காதணிகளும் இருந்தன, தங்க நகைத் துண்டுகளும் இருந்தன என்றும் அவர் சொன்னார். 2023 மார்ச்சில் அங்கே திறந்த அருங்காட்சியகத்தில் கீழடிப் பொருட்களைப் பார்க்கலாமாம். எத்தனையோ நூறு வருஷத்துக்கு முன்னாலும் மண் போட்டவளும் இருந்திருக்கிறாள், பொன் போட்டவளும் இருந்திருக்கிறாள். இதைக் கேட்டதும் முந்தானையைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக்கொண்டேன்.

ஒரே நாள் பயிற்சி என்பதால் சுட்டுத் தர முடியாது. எப்படிச் சுடுவது என்று சொல்லித் தந்து, பச்சை மண்ணாகவே கொடுத்தார்கள். டிபன் பாக்ஸில் துணி விரித்து, பதினாலு உருப்படிகளைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

இனிமேல்தான் என் அசட்டுத்தனம்.

"ஒரு வாரமாவது நிழல்ல காயணும், பனிக்காலமா இருக்கு" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார் அந்த அம்மா. ஆனால் அந்த வாரக் கடைசியில் மகள் வருகிறாள். அவள் வாசலில் கால் வைக்கும்போது என் காதில் ஜிமிக்கி ஆட வேண்டும் என்று எனக்கு ஒரே அவசரம். மூன்றாம் நாளே பழைய சட்டியில் அடுக்கி, வறட்டியை மூட்டிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் படார், படார் என்று தீபாவளி! ஆறியதும் பார்த்தால் முழுசாக நின்றவை மூன்றே மூன்று. அதிலும் ஜோடி ஒன்றுகூட இல்லை. மகள் வந்தபோது காதில் அதே வேப்பங்குச்சி. சட்டியைக்கூட அவள் கண்ணில் காட்டவில்லை.

அவள் கிளம்பிப் போன பிறகு மாமியார் அந்த ஓட்டுத் துண்டுகளைக் கிளறிக்கொண்டே, "உள்ள ஈரம் இருந்தா ஆவியாகி வெடிக்காம இன்னா பண்ணும்? எங்க அம்மா வூட்டாண்ட பானை சுடறவங்க எடுத்த எடுப்புல தீ போட மாட்டாங்க. மொதல்ல இளஞ்சூட்டுல வாட்டுவாங்க. நம்ம நெலத்துலயே களி இருக்குது. நீ செய், நான் சுட்டுத் தரேன்" என்றார். கல்யாணமாகி வந்து இத்தனை வருஷத்தில் அத்தையும் நானும் சேர்ந்து உட்கார்ந்து செய்த முதல் வேலை அதுதான்.

நிலத்தில் மேல்மண்ணைத் தள்ளிவிட்டு அடியில் இருந்து ஒரு கூடை களி எடுத்து வந்தோம். பழைய தொட்டியில் இரண்டு நாள் ஊறவைத்து, கரைத்து, வேட்டித் துணியில் வடிகட்டினோம். கல்லும் வேரும் போய்விட்டன. அடியில் படிந்த மண்ணைச் செங்கல் மேல் துணி விரித்துப் போட்டால், தண்ணீரைச் செங்கல் இழுத்துக்கொள்கிறது. பிசையும் பதம் வந்ததும் செய்ய ஆரம்பித்தேன். இந்தத் தடவை பத்து நாள் முழுசாக நிழலில் காயவிட்டு, ஒரு நாள் வெயிலிலும் வைத்தோம்.

சுடுகிற அன்று காலையில் அத்தை முதலில் தணலுக்குப் பக்கத்தில் வைத்து வாட்டினார். பிறகு பாதியை வெறும் சட்டியிலும், பாதியை உமிக்குள் புதைத்து மூடிய சட்டியிலும் வைத்து, சுற்றிலும் வறட்டி அடுக்கி மூட்டினார். எனக்கு ஒவ்வொரு நிமிஷமும் 'படார்' கேட்குமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கேட்கவில்லை. "ஆறாம தொறக்காதே. தொறந்தா காத்துப் பட்டு விட்டுக்கும்" என்று ராத்திரி முழுக்கக் காவல் இருந்தார்.

மறுநாள் திறந்தால், வெறும் சட்டியில் இருந்தவை செங்கல் சிவப்பு. உமிக்குள் இருந்தவை நல்ல கருப்பு! காற்றுப் பட்டால் சிவப்பு, புகைக்குள்ளேயே இருந்தால் கருப்பு. ஒரே மண்தான். ஒன்றை எடுத்து ராத்திரி தண்ணீரில் போட்டு வைத்தேன். கரையாமல் கிடந்தது. நன்றாக வெந்துவிட்டது என்று அர்த்தம்.

மகளின் சின்ன வயசுக் கொலுசு ஒன்று அறுந்து கிடந்தது. உத்திரமேரூரில் ஒரு பத்தரிடம் கொடுத்து, வெள்ளிக் கொக்கி போட்டு வாங்கினேன். வேப்பங்குச்சியை எடுத்துவிட்டுக் கருப்பு ஜிமிக்கியை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். ஏனோ அழுகை வந்தது.

பங்குனியில் வந்தவாசியில் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். மகளும் லீவு போட்டு வந்திருந்தாள். என் காதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். "எனக்கும் ஒரு ஜோடி சிவப்புல செஞ்சு கொடும்மா" என்றாள். அம்மாவும் பெண்ணும் மண் ஜிமிக்கியோடு மண்டபத்துக்குப் போனோம்.

பந்தியில் ஒரு உறவுக்கார அம்மாள், "இன்னாடி, மண்ணைக் காதுல மாட்டினு வந்துட்டே?" என்று நாலு பேர் கேட்கச் சிரித்தார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. பக்கத்து இலையில் இருந்த மாமியார் நிமிர்ந்தார். "ஆமாம், மண்ணுதான். அவ பொன்னு என் பேத்தி படிப்புல இருக்குது. நானே சுட்டுக் கொடுத்தது இது, எப்படி இருக்குது?" என்றார். மகள் தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இலையில் சொட்டியது ரசமா, கண்ணீரா தெரியாது. அன்று முதல் 'படிப்பை நிறுத்துகிறேன்' என்ற பேச்சை அவள் எடுக்கவே இல்லை.

சகோதரிகளே, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கம்மல் இன்னும் அடகில்தான் இருக்கிறது, வட்டி கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். மண் பொன்னாகிவிடாது. கை தவறினால் உடையும், அவசரத்துக்கு அடகு வைக்கவும் முடியாது. குழுவில் நாலைந்து பேர் கேட்டுச் செய்து கொடுத்தேன், பூச்செலவுக்கு ஆகிறது, அவ்வளவுதான். ஆனால் இப்போது எந்த விசேஷத்துக்கும் எனக்குத் தலைவலி வருவதில்லை.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்:

* தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. என்றைக்கு என்ன பயிற்சி என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

* மண் காய அவசரப்படாதீர்கள். பனி, மழைக் காலத்தில் இன்னும் சில நாள் கூடுதலாக விடுங்கள்.

* மொட்டை மாடியிலோ கேஸ் அடுப்பிலோ சுட முயல வேண்டாம். கூரை, வைக்கோல்போர் இல்லாத திறந்தவெளியில், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு செய்யுங்கள். பக்கத்தில் சூளை வைத்திருப்பவர் இருந்தால் அவரிடம் கொடுப்பது இன்னும் நல்லது.

* காது புண்ணாகிறவர்கள் கொக்கியை வெள்ளியில் போட்டுக்கொள்ளுங்கள்.

* வீட்டில் வயதான மாமியார் இருந்தால், முதல் தடவையே அவரைக் கேளுங்கள். நான் கேட்டிருந்தால் பதினோரு உருப்படிகள் வெடித்திருக்காது.

— ஒரு வாசகி, மானாம்பதி