மாரி என்னும் பெயர்



பெர்மாஸ் ஜெயாவில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இருக்கிறது. தோட்டத்தை விட்டு வெளியேறி, தெப்ராவ் ஆற்றுக்கு இந்தப் பக்கம் வீடு வாங்கிக் குடியேறியவர்கள். அந்த வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. முப்பதாம் நாள் சாமி கும்பிட்டுத் தொட்டில் போடும்போது, குழந்தையின் தகப்பன் தன் பாட்டியின் பெயரையே வைக்க வேண்டும் என்றார். பாட்டியின் பெயர் மாரியாயி. வயது எண்பதுக்கு மேல்.

வேண்டாம் என்று சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? குழந்தையின் தாய் அல்ல. அந்தப் பாட்டியே!

"வேணாம் ஐயா. அது தோட்டத்துப் பேரு. என்னோட போகட்டும்" என்றார்.

அதைக் கேட்டபோது எனக்கு மனம் என்னவோ போல் ஆகிவிட்டது. இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, எப்படி வளர்ந்தது, ஏன் இப்படிக் கூசிப்போய் ஒதுங்கி நிற்கிறது என்பதைப் பற்றி இன்று பேசலாம் என்று தோன்றியது.

முதலில் பொருளைப் பார்ப்போம். மாரி என்றால் மழை. சங்க காலத்திலிருந்தே வழங்கிவரும் தூய தமிழ்ச்சொல். பறம்பு மலைத் தலைவன் பாரியின் கொடையைப் பாட வந்த கபிலர், உலகத்தைக் காப்பதற்குப் பாரி ஒருவன்தானா, மாரியும் இருக்கிறதே என்று சொல்லுகிறார். புறநானூற்றில் 107ஆம் பாட்டு அது. யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையை மாரிமழை என்றும் அந்தப் பருவத்தை மாரிகாலம் என்றும்தான் சொல்லுகிறார்கள். நாம் பேச்சில் அந்தச் சொல்லை விட்டுவிட்டோம். பெயரில் மட்டும் வைத்துக்கொண்டோம்.

வடமொழியிலும் மாரி என்று ஒரு சொல் உண்டு. அதற்குக் கொள்ளைநோய், சாவு என்று பொருள். அம்மன் பெயரில் இருப்பது தமிழ் மாரியா, வடமொழி மாரியா என்று அறிஞர்கள் வழக்காடுகிறார்கள். ஆனால் பெயர் வைத்த நம் முன்னோர்களைக் கேட்டால், இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லியிருப்பார்கள் என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்லுகிறேன்.

அந்தக் காலத்தில் பெரியம்மை என்ற நோய் இருந்தது. கண்டவர்களில் பத்துப் பேருக்கு மூன்று பேர் இறந்துபோவார்கள். பிழைத்தவர்களில் பலருக்கு முகமெல்லாம் தழும்பு. சிலருக்குக் கண் போய்விடும். நம் நாட்டுப்புறத்தில் இந்த நோய் வெயில் காலத்தில் தலைதூக்கும். மழை இறங்கி மண் குளிர்ந்தால் அடங்கும். ஆண்டுதோறும் இதைக் கண்ணால் கண்ட குடியானவன் என்ன நினைப்பான்? மழையைத் தருகிறவள் எவளோ, நோயைத் தருகிறவளும் தணிக்கிறவளும் அவளே என்று நினைத்தான். வெப்பமும் அவள், குளிர்ச்சியும் அவள். ஆகவேதான் அவளுக்குக் கூழ் வார்த்தார்கள், வேப்பிலை சாத்தினார்கள், குடங்குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள்.

நோயின் பெயரைப் பாருங்கள். அம்மை! அம்மை என்றால் தாய். உலகத்தில் ஒரு கொடிய நோயை 'அம்மா வந்திருக்கிறாள்' என்று சொல்லி, வீட்டு வாசலில் வேப்பிலை கட்டி, குரலைத் தாழ்த்திப் பேசிய மக்கள் நாம். உடம்பில் எழும்பும் கொப்புளத்தைக்கூடக் கொப்புளம் என்று சொல்ல மாட்டார்கள், முத்து என்பார்கள். மாரிமுத்து, முத்துமாரி என்ற பெயர்களில் இருக்கும் முத்து கடலில் குளித்து எடுக்கிற முத்து மட்டுமல்ல. அம்மை கண்டு பிழைத்த பிள்ளைக்கும், அம்மனிடம் நேர்ந்துகொண்டு பிறந்த பிள்ளைக்கும் அப்படிப் பெயர் வைப்பது வழக்கம். பெண்ணானால் மாரியம்மாள், மாரியாயி, முத்துமாரி. ஆணானால் மாரிமுத்து, மாரியப்பன். 'இந்தப் பிள்ளை எங்களுக்குத் தங்கியது' என்று ஊருக்குச் சொல்லுகிற பெயர் அது.

இந்தப் பெயர் நம்மோடு கப்பலேறி வந்தது. நாகப்பட்டினத்திலும் சென்னைக்கு அருகே ஆவடியிலும் இருந்த முகாம்களில் மக்களைத் தங்கவைத்து, அம்மை குத்தித்தான் கப்பலேற்றினார்கள். பினாங்குக்கு வந்தால் ஜெரெஜாக் தீவில் மறுபடியும் தடுத்து வைப்பார்கள். கையில் அம்மை குத்திய தழும்பு, வாயில் அம்மன் பெயர் என்று இரண்டையும் கொண்டுதான் அவர்கள் கரையிறங்கினார்கள். இறங்கிய இடமெல்லாம் மாரியம்மனுக்குக் கோயில் எழுந்தது. சிங்கப்பூரில் 1827, பினாங்கில் 1833, கோலாலம்பூரில் 1873, நம் ஜொகூர் பாருவில் 1911. தோட்டங்களில் எழுந்த சிறு கோயில்களுக்குக் கணக்கு ஏது? பால்மரக் காட்டு ஓரத்தில் ஒரு கல்லும் ஒரு சூலமும் இருந்தால் அது மாரியம்மன் கோயில்.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். நெல் விளைகிற தஞ்சாவூரில் மழை என்றால் சோறு. பால்மரத் தோட்டத்தில் காலையில் மழை பெய்தால் பட்டை நனைந்துவிடும். பால் வெட்ட முடியாது. அன்றைய சம்பளம் இல்லை. ஆண்டுக் கடைசி மழைக்காலத்தில் எத்தனை வீடுகளில் உலை கொதிக்காமல் இருந்தது என்பது நம் பெரியவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட இடத்திலும் பிள்ளைக்கு மழையின் பெயரை வைத்தார்கள்!

ஒரு காலத்தில் செக்ரோல் புத்தகத்தைத் திறந்தால் மாரி, முனி, காளி, லெட்சுமி என்றுதான் வரிசையாக இருக்கும். ஒரே லயத்தில் மூன்று மாரியாயி இருந்தால் பெரிய மாரியாயி, சின்ன மாரியாயி, கோடி வீட்டு மாரியாயி என்று பிரித்துக் கூப்பிடுவார்கள். பெயர் இப்படித் திரும்பத் திரும்ப வருவதற்கு ஒரு காரணம் உண்டு. பேரன், பேத்தி என்கிறோமே, அந்தச் சொற்கள் பெயரன், பெயர்த்தி என்பதிலிருந்து வந்தவை. தாத்தா பாட்டியின் பெயரைத் தாங்குகிறவர்கள் என்று பொருள். ஆனால் மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாதே! ஆகவே வீட்டில் கூப்பிட பாப்பா, கண்ணு, அம்முலு என்று இன்னொரு பெயர் முளைக்கும். பெரிய பெயர் பிறப்புப் பத்திரத்தில் தூங்கும்.

பிறகு காலம் மாறியது. 1938இல் தோட்டவேலைக்கு ஆள் வருவதை இந்திய அரசு நிறுத்தியது. போருக்குப் பின் பிறந்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். படம் பார்த்தார்கள், பத்திரிகை படித்தார்கள். சரோஜா, பத்மினி, சாவித்திரி வந்தார்கள். தமிழ் உணர்வு வளர்ந்தபோது தமிழ்ச்செல்வி, கலைச்செல்வி, மலர்விழி வந்தார்கள். பின்னால் எண்கணிதம் பார்த்து வைக்கிற பெயர்கள் வந்தன. அவற்றில் சிலவற்றுக்கு வைத்தவருக்கே பொருள் தெரியாது. நான் குறை சொல்லவில்லை. பிள்ளைக்குப் புதிய வாழ்வு வேண்டும் என்று ஆசைப்படுகிற தாய் புதிய பெயரைத் தேடுவது இயல்புதானே.

இதற்கிடையில் பெரியம்மையும் ஒழிந்தது. இங்கிலாந்தில் ஜென்னர் என்ற மருத்துவர் 1796இல் கண்ட தடுப்பு முறை உலகமெங்கும் பரவி, 1975க்குப் பிறகு இந்தியாவில் அந்த நோய் இல்லை என்றாயிற்று. 1977இல் சோமாலியாவில் கடைசியாக ஒருவரை இயல்பாகப் பிடித்தது. 1980 மே 8ஆம் நாள், உலகத்திலேயே இனி இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நேர்ந்துகொள்ள வேண்டிய பயம் போயிற்று. பயம் போனதும் பெயரும் மெல்ல நகர்ந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டதும், பால்மரம் போய்ச் செம்பனை வந்ததும், ஜொகூர் பாருவைச் சுற்றித் தாமான்கள் எழுந்ததும் மீதியைச் செய்தன. பட்டணத்துப் பள்ளியில் 'மாரியாயி' என்று கூப்பிட்டால் பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிப்பு ஒரு பெயரைக் கொன்றுவிடும், நேயர்களே.

ஆனால் அடியோடு போய்விடவில்லை. சேலம் மாவட்டத்தில் பெரியவடகம்பட்டி என்ற சிற்றூரில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு, சிறு வயதில் பேருந்து ஏறி ஒரு கால் ஊனமானவர். 2016இல் ரியோ நகரில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஒலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கப் பதக்கம் வாங்கினார். அந்தப் பழைய பெயரை உலகத் தொலைக்காட்சிகள் எல்லாம் உச்சரித்தன. 2018இல் 'பரியேறும் பெருமாள்' படத்தை இயக்கிய மாரி செல்வராஜும் அந்தப் பெயரோடேயே திரையில் வந்தார்.

இனி ஒரு நடைமுறை விஷயம். ஆங்கில எழுத்தில் எழுதும்போது மாரி, மரி இரண்டும் ஒன்றுபோல் தெரியும். கிறிஸ்துவர்கள் வைக்கும் மரியம்மாள், முஸ்லிம்கள் வைக்கும் மரியம் இரண்டும் எபிரேய மொழியின் மிரியாம் என்ற பெயரிலிருந்து வந்தவை. நம் மாரியம்மாள் வேறு வேரில் முளைத்தது. பதிகிற கிராணிக்கு இது தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. காதில் விழுந்ததை எழுதிவிடுவார். நான் சொன்ன பாட்டிக்குப் பிறப்புப் பத்திரத்தில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் ஒரு எழுத்து, சேமநிதிக் கணக்கில் இன்னொரு எழுத்து. முதுமையில் தம் பணத்தைத் தாமே வாங்குவதற்கு, மூன்று மாரியாயியும் ஒரே ஆள்தான் என்று மெய்ப்பிக்க மாதக்கணக்கில் அலைந்தார். வீட்டில் இருக்கும் பத்திரங்களை இன்றே எடுத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால், தேவை வருகிற நாள்வரை காத்திராமல் பதிவு இலாகாவில் கேளுங்கள்.

சரி, அந்தத் தொட்டில் என்ன ஆயிற்று? பாட்டி வேண்டாம் என்றதும் அவரைச் சுற்றி உட்கார்ந்து, ஏன் உங்களுக்கு இந்தப் பெயர் வைத்தார்கள் என்று கேட்டோம். ஜப்பான்காரன் காலத்தில் பிறந்தவராம். அவருக்கு முன் பிறந்த இரண்டு குழந்தைகள் காய்ச்சலில் போய்விட்டன. மருந்து கிடையாது. மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. மூன்றாவது தங்கினால் உன் பெயரையே வைக்கிறேன் என்று தாயார் தோட்டத்துக் கோயிலில் முந்தானையை விரித்து வேண்டினாராம். இதைப் பேரனே அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டார்.

பக்கத்தில் குழந்தையோடு இருந்த அந்த இளம் தாய், "ஆயி வேண்டாம் பாட்டி. மாரி மட்டும் போதும். மழைதானே" என்றாள்.

பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு கொள்ளுப்பேத்தியின் காதில் மூன்று தடவை சொன்னார். மறுவாரம் பிறப்புப் பத்திரம் வீட்டுக்கு வந்ததும் பேரனைக் கூப்பிட்டு, "எங்கே, எழுத்தெழுத்தா வாசிச்சுக் காட்டு" என்றார். எம்முக்குப் பக்கத்தில் ஏ இரண்டு இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்ட பிறகுதான் காப்பியைக் கையில் எடுத்தார்.