பழைய ஆங்கிலேயப் பீங்கானா? விற்பதற்கு முன் கவிழ்த்துப் பாருங்கள்

துரை பங்களாவில் வேலை பார்த்த தாத்தா, பாட்டி வழியாகச் சில குடும்பங்களில் ஆங்கிலேயப் பீங்கான் தட்டோ கூஜாவோ இருக்கலாம். பழைய சாமான் வாங்குபவர் கேட்ட விலைக்குக் கொடுப்பதற்கு முன், அதைக் கவிழ்த்து அடிப்பகுதியைப் பாருங்கள்.

அங்கே ஓர் ஆண்டு அச்சிடப்பட்டிருந்தால் உடனே நம்பிவிட வேண்டாம். பெரும்பாலும் அது நிறுவனம் தொடங்கிய ஆண்டாகவே இருக்கும். கூஜாவின் மேல் எழுதியிருக்கும் பெயரும் செய்தவருடையது அல்ல. திருமணம், பிள்ளைப்பேறு போன்ற விசேஷங்களுக்குப் பெயரும் தேதியும் எழுதிப் பரிசளிப்பது அன்றைய இங்கிலாந்தில் வழக்கம். எனவே அது பெரும்பாலும் பரிசு பெற்றவரின் பெயர்.

டைமண்ட் வடிவ முத்திரை இருந்தால் நல்ல துப்பு. 1842 முதல் 1883 வரை, அரசாங்கத்திடம் பதிவு செய்த வடிவங்களுக்கு இந்த முத்திரை இடப்பட்டது. உச்சியில் உள்ள வட்டத்தில் ரோமன் எண் நான்கு இருந்தால் அது மண்பாண்ட, பீங்கான் வகை. ஆண்டைக் குறிக்கும் எழுத்து 1867 வரை மேல் மூலையிலும், 1868 முதல் வலது மூலையிலும் இருக்கும். 'எக்ஸ்' மேலே இருந்தால் 1842, வலப்பக்கம் இருந்தால் 1868. 1884 முதல் டைமண்டுக்குப் பதிலாக 'ஆர்டி நம்பர்' என்ற தொடர் எண் வந்தது.

இவை வடிவத்தைப் பதிவு செய்த நாளையே காட்டும். அதே வடிவத்தைப் பல ஆண்டுகள் கழித்தும் செய்திருப்பார்கள்.

'இங்கிலாந்து' என்ற சொல் இருந்தால் அது பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டமே காரணம். 'மேட் இன் இங்கிலாந்து' என்றிருந்தால் பொதுவாக 20ஆம் நூற்றாண்டு.

யார் செய்தது என்பதற்குச் சித்திரம் மட்டும் போதாது. நீல நிற 'வில்லோ' சித்திரத்தை எத்தனையோ தொழிற்சாலைகள் அச்சிட்டன. ஸ்டாஃபர்ட்ஷயர் வட்டாரத்தில் ஒரே முதலெழுத்துகளைப் பல நிறுவனங்கள் பயன்படுத்தின. முத்திரை, சித்திரம், மண்ணின் தரம் மூன்றும் ஒத்துப்போனால்தான் ஒரு பெயரைச் சொல்ல முடியும்.

முத்திரையைத் தேய்த்துக் கழுவாதீர்கள். வெளிச்சத்தில் தெளிவாகப் படம் எடுத்து, விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். விலை பேசுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.