மீட்டர் நின்ற இடத்திலிருந்து ஊர் வரைக்கும்

நெடும்பயணத்தில் ஸ்பீடோமீட்டர் பழுதானால் பைக் ஓட்டி தெரிந்திருக்க வேண்டிய கைவைத்தியம்

மணாலியிலிருந்து லே செல்லும் சாலையில், சந்திரா ஆறும் பாகா ஆறும் கூடும் இடம் தாந்தி. அங்குள்ள பெட்ரோல் பங்க்கின் அறிவிப்புப் பலகை பைக் பயணிகளிடையே பிரபலம்: அடுத்த பங்க் 365 கி.மீ. தொலைவில். இடையில் பாரலாச்சா லா, லாச்சுலுங் லா, 5,300 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் தங்லாங் லா எனக் கணவாய்க்குப் பின் கணவாய். காற்று மெலிந்த உயரத்தில் கார்புரேட்டர் வண்டி பெட்ரோலை அதிகமாகவே குடிக்கும்.

சென்னை மண்ணில் 1955-ல் காலூன்றிய புல்லட்டின் பழைய மாடல்களில் பெட்ரோல் முள் கிடையாது. எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதை வைத்துத்தான் டேங்க்கில் மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் போட வேண்டும். அந்தச் சாலையில் மீட்டர் நின்றால், வேகம் தெரியாதது சின்னக் கவலை. தூரம் தெரியாததுதான் பெரிய கவலை.

எங்கே பழுது?

முன்சக்கர ஹப்பில் இருக்கும் வார்ம் கியர் ஒரு பினியனைச் சுழற்றும். பினியன், சதுர முனை கொண்ட உள்கேபிளைச் சுழற்றும். கேபிளின் மறுமுனை மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்ற, அதைச் சுற்றியுள்ள அலுமினியக் கிண்ணத்தில் மின்சுழல்கள் தோன்றி முள்ளைத் தள்ளும். மெல்லிய சுருள்வில் அதைப் பின்னுக்கு இழுக்கும். ஜெர்மானியர் ஓட்டோ ஷுல்ஸே 1902-ல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. கிலோமீட்டர் எண்களைத் திருப்புவதும் இதே கேபிள்தான்.

ஆகவே முள் மட்டும் நின்று, எண்கள் ஓடினால் பழுது மீட்டருக்குள். அதை வழியில் பிரிக்காதீர்கள். தூரம் தெரிகிறது, அது போதும். இரண்டும் நின்றால், மீட்டருக்கு அடியிலுள்ள கேபிள் நட்டைக் கழற்றி வண்டியை மெல்ல உருட்டுங்கள். உள்கேபிள் சுழன்றால் கோளாறு மேலே. சுழலாவிட்டால் கேபிளை உருவிப் பாருங்கள். துண்டாக வந்தால் கேபிள் போச்சு. முழுசாக வந்தால் வார்ம் பக்கம் பார்க்க வேண்டும்.

கேபிள் வைத்தியம்

அதிகம் நடப்பது, சதுர முனை தேய்ந்து உருண்டையாகிப் பிடிப்பில்லாமல் சுற்றுவது. குளிர்பான டின்னிலிருந்து விரல்நகக் கண் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, முனையில் இறுக்கிச் சுற்றி, கட்டிங் பிளேயரால் நான்கு பக்கமும் அழுத்திச் சதுரமாக்கினால் மீண்டும் பிடிக்கும். முனை ஒட்டி அறுந்திருந்து, நீளமும் போதுமானால், பற்றவைப்புக் கடையில் இழைகளை ஈயத்தில் தோய்த்துச் சதுரமாகத் தட்டி வாங்கலாம்.

நடுவில் அறுந்தால் வைத்தியமில்லை. பிரேக் கேபிளின் உள்கம்பியை நுழைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. அது இழுப்பதற்கான கம்பி; சுழற்றினால் இழை பிரிந்து முறுக்கிக்கொள்ளும். மீட்டர் கேபிள், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றிய அடுக்குகளால் ஆனது. முறுக்கைத் தாங்கும் வலு அதில்தான் இருக்கிறது.

கிரீஸ் போடும்போது கீழ்ப்பாதிக்கு மெல்லப் பூசினால் போதும். மேல்முனையில் ஒரு சாண் அளவுக்கு உலர்வாக விடுங்கள். கிரீஸ் மேலேறி மீட்டருக்குள் போனால் காந்தமும் கிண்ணமும் ஒட்டிக்கொண்டு முள் தாறுமாறாகப் பாயும்.

பஞ்சருக்குப் பிறகு நின்றதா?

பஞ்சர் ஒட்டிச் சக்கரத்தை மாட்டிய பிறகு மீட்டர் நின்றால் காரணம் பெரும்பாலும் ஒன்றே. வார்ம் வளையத்தின் இரண்டு நாக்குகள் ஹப்பின் பள்ளங்களில் உட்காராமலே ஆக்ஸிலை இறுக்கியிருப்பார்கள். நாக்குகள் மடங்கும், அல்லது ஒடியும். மடங்கியதைப் பிளேயரால் நிதானமாக நிமிர்த்தலாம். ஒன்று ஒடிந்தாலும் மற்றது கொஞ்ச தூரம் இழுக்கும். இரண்டும் போயிருந்தால், கிரீஸைப் பெட்ரோலால் துடைத்துவிட்டு, தகட்டுத் துண்டை எம்சீலால் ஒட்டலாம். குளிரில் எம்சீல் இறுக நேரமாகும். அதுவரை சக்கரத்தை மாட்ட வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கியர் நொறுங்கிவிட்டது என்று வார்ம் பெட்டியையே கழற்றி எறிந்துவிட்டு ஓட்டாதீர்கள். ஆக்ஸிலில் சக்கரத்தை அதன் இடத்தில் நிறுத்தும் ஸ்பேசரும் அதுவே. அது இல்லாவிட்டால் சக்கரம் நகரும், பேரிங் கெடும். உடைந்த துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டு வெறும் பெட்டியை மாட்டுங்கள். தொங்கும் கேபிளை ஸ்போக்ஸில் சிக்காதபடி கட்டுங்கள். கிளம்புமுன் சக்கரம் தடையில்லாமல் சுழல்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

வேறு மாடல் வார்ம் கிடைத்து மாட்டினால் கியர் விகிதம் மாறும். கிலோமீட்டர் கற்களை வைத்து 10 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். மீட்டர் 8 காட்டினால், இனி காட்டுவதை 1.25-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

எதுவும் பலிக்காவிட்டால்

கற்களே மீட்டர். இரண்டு கற்களுக்கு இடையே ஆகும் விநாடிகளால் 3,600-ஐ வகுத்தால் வேகம்: 72 விநாடி என்றால் 50 கி.மீ. முன்கூட்டியே வரைபடத்தை இறக்கி வைத்திருந்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் செல்போனின் ஜி.பி.எஸ். தூரம் சொல்லும்.

125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய பைக்குகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். கட்டாயம். அதற்கான சக்கர சென்சாரிலிருந்தே, கேபிள் இல்லாமல் வேகத்தைப் படிக்கும் வண்டிகளில் சென்சார், பல் வளையம் இவற்றிலுள்ள சேற்றைத் துடைத்துப் பார்க்கலாம். ஏ.பி.எஸ். விளக்கு அணையாவிட்டால், அது இல்லாத வண்டி என்று நினைத்து நிதானமாக ஓட்டிச் சர்வீஸ் சென்டருக்குப் போவதே வழி.

வழியோர ஒட்டுவேலை ஊர் போய்ச் சேர்வதற்கு மட்டும்தான். முள் ஆடுகிறதே என்று அதையே மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள். அது மாட்டியிருப்பது முன்சக்கரத்தில். முதல் ஊரிலேயே சரியான பாகத்தை மாற்றுங்கள். அடுத்த பயணத்துக்கு, கிளட்ச் கேபிளோடு ஒரு மீட்டர் கேபிளையும் சுருட்டிப் பையில் வையுங்கள். விலையும் குறைவு, எடையும் குறைவு.