குருத்தோலை காக்கும் ஊர்

உடைமை என்னும் சொல்லுக்கு மாணவர்க்குப் பொருள் உரைக்கும்போது, "ஒருவன் தனதென்று கொள்வது" எனச் சொல்லி மேலே செல்வது என் வழக்கம். முப்பதாண்டுகள் அவ்வாறே சொல்லி வந்தேன். கடல் கடந்த ஒரு சிற்றூரின் ஆற்றங்கரையில் நின்று அப்பொருளை மீண்டும் எண்ணிப் பார்க்க நேர்ந்தது. அந்த வரலாற்றை வாசகர் முன் வைக்கின்றேன்.

இந்தோனேசியாவின் கீழ்த்திசையில் உள்ளன மலுக்குத் தீவுகள். அவற்றுள் அம்பொன் தீவுக்குக் கிழக்கே, ஏறத்தாழ 150 சதுர கிலோமீற்றர் பரப்பில் கிடப்பது ஹருக்குத் தீவு. கராம்பும் தென்னையும் சவ்வரிசிப் பனையும் செழித்த மண். யாழ்ப்பாணத்தானுக்கு அங்கே என்ன அலுவல் என்று கேட்கலாம். ஒல்லாந்தக் கம்பனியார் 1605 இல் அம்பொனையும் 1658 இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். இங்கே காணிகளுக்குத் தோம்பு எழுதி, 1707 இல் நம் தேசவழமையையும் தொகுத்து வைத்தவர்கள், அங்கே காணியுரிமையை எவ்வாறு கையாண்டனர் என்று அறியும் ஆவல் எனக்கு நெடுநாளாக இருந்தது. அவ்வாவலே என்னை அழைத்துச் சென்றது.

அம்பொன் நகரிலிருந்து துலேகுத் துறைக்கு வண்டியிற் சென்று, அங்கிருந்து விசைப்படகில் ஏறவேண்டும். மே முதல் ஆகஸ்டு வரை அக்கடலிற் கீழ்காற்றுப் பருவம். மழை பொழியும், கடல் சீறும், படகு ஓடாத நாள்களும் உண்டு. நான் சென்றது அப்பருவத்தின் கடைசி நாள்களில். அலை படகைத் தூக்கி எறிந்தபோது என் அருகிலிருந்த கிழவி சிறிதும் அஞ்சாது, தூரத்தே தெரிந்த பெருங்கலத்தைச் சுட்டி, "கப்பால்" என்றாள். நம் கப்பல் என்ற சொல்லே மலாய் மொழியிற் சென்று அவ்வாறு வழங்குகின்றது. அச்சொல்லைக் கேட்டதும் என் அச்சம் பாதி தணிந்தது.

ஹருக்கு என்னும் தீவின் பெயரே ஊருக்கும் பெயர். தகரக் கூரை வீடுகள், நடுவே தேவாலயம், கடலோரத்தில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டையின் இடிபாடு. ஊர்த்தலைவரை இராசா என்றே அழைக்கின்றனர். நான் தங்கியிருந்த வீட்டு முதியவர் கெவாங் என்னும் காவற்சபையைச் சேர்ந்தவர். ஊரின் நிலத்தையும் நீரையும் வழிவழியாகக் காத்துவரும் சபை அது. நான் ஆசிரியன் என்று அறிந்தபின் அவர் என்னைப் "பாக் குரு" என்றே அழைத்தார். சவ்வரிசிப் பனையின் சோற்றியை நீரிற் கரைத்து எடுத்த மாவினால் ஆக்கிய பப்பேடா என்னும் கூழும் மஞ்சள் இட்ட மீன்குழம்பும் உணவு. ஆங்கிலம் அறிந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் எங்களுக்கிடையே மொழிபெயர்த்தார்.

முதலிற் காணியைப் பற்றிக் கேட்டேன். அங்கே குடிவழி நிலத்துக்குத் தத்தி என்று பெயர். கராம்பு வாணிகத்தைத் தம் கைக்குள் வைத்திருக்க ஒல்லாந்தர் பெரும் படகுப்படை நடத்திய காலத்தில், தண்டு வலிக்க ஆள் கொடுத்த குடிகளுக்கு உரியதாயிருந்தது தத்தி நிலம். அது குடிக்கு உரியது. ஒருவன் தனியே விற்க இயலாது. பெண் மணமாகி வேற்றுக் குடி புகுந்தால் அவ்வுரிமை அவளை விட்டு நீங்கும். மகளுக்குக் காணியைச் சீதனமாக எழுதிக் கொடுக்கும் நம் வழக்கத்தை நான் சொன்னபோது முதியவர் வியந்து சிரித்தார். ஆங்கிலேயர் அத்தீவுகளை ஆண்ட 1814 இல் எழுதப்பட்ட தத்திப் பதிவேட்டை இன்றும் நீதிமன்றங்களிற் சான்றாகக் காட்டுகின்றனர். 1960 ஆம் ஆண்டின் நிலச்சட்டம் ஊர்வழக்கை ஏற்கின்றது; முழுவுரிமையோடு நிலம் வைத்திருக்கப் பிற நாட்டாரை அது விடுவதில்லை.

இவையெல்லாம் தோம்பு படித்த எனக்குப் புதியன அல்ல. புதியதை ஆற்றங்கரையிற் கண்டேன்.

அங்கே நட்டிருந்த ஒரு கோலில் தென்னங்குருத்தோலை சுற்றப்பட்டிருந்தது. நம் நாட்டிற் குருத்தோலையைக் கண்டால் விழாவையோ இழவையோ நினைப்போம். அங்கே அது "தொடாதே" என்னும் கட்டளை. அக்கட்டளைக்குச் சாசி என்று பெயர். ஆண்டின் முற்பகுதியில் லொம்பா என்னும் சிறுமீனின் குஞ்சுகள் கரையோரத்திற் காணப்படும். அன்று முதல் அம்மீனை எவரும் பிடித்தல் ஆகாது. இரவிற் கடலுக்குச் சென்று விடியுமுன் திரள் திரளாக ஆற்றுக்குள் மீளும் இயல்புடையது அம்மீன். பகலில் நீருக்குள் வெள்ளி உருகி ஓடுவதுபோல அதனைக் கண்டேன். ஒரு குழந்தைகூடக் கைவைக்கவில்லை. படகுகள் ஆற்றுவாயில் இயந்திரத்தை நிறுத்தித் தண்டு வலித்தே வந்தன.

ஐந்தாறு மாதங்கள் கழித்துக் கெவாங் நாள் குறிக்கும். இருள் பிரியுமுன் முரசு அறைவர். மீன் ஆற்றுக்குள் புகுந்ததும் இராசா முதல் வலையை வீச, அதன்பின் ஊர் முழுவதும் இறங்கும். கிழவரும் சிறுவரும் ஒருங்கே அள்ளுவர். கனிகளுக்கும் சாசி உண்டு. முற்றாத காயைப் பறித்தவன், மரம் தனதேயாயினும், தண்டம் இறுக்கவேண்டும். இக்காவலுக்காக ஹருக்குக் கெவாங்குக்கு இந்தோனேசிய அரசு 1985 இல் கல்பதரு விருது வழங்கியது. கற்பகதரு என்னும் நம் சொல்லே அது.

அத்தீவின் கைலோலோ ஊரிலோ வழக்கம் வேறு. அங்கே இரவிற் கடற்கரைக்கு வந்து மணலில் முட்டையைப் புதைத்துப் போகும் பறவை ஒன்றுண்டு. அம்முட்டைகளை எடுக்கும் உரிமையை ஆண்டுதோறும் ஏலமிடுவர்.

"மரம் என்னுடையது, காய் என்னுடையது. பறிப்பதற்குத் தண்டமா?" என்று முதியவரிடம் கேட்டேன்.

"பாக் குரு, மரம் உங்களுடையதுதான். பழுக்கும் காலம் உங்களுடையது அன்று" என்றார்.

ஊரைப் புகழ்ந்து இவ்வளவில் நிறுத்தினால் உண்மையைப் பாதி மறைத்தவனாவேன். 1999 இல் அம்பொனில் மூண்ட மதக்கலவரத்தில் இத்தீவிலும் வீடுகள் எரிந்தன. 2002 பெப்ரவரியில் மாலினோ உடன்படிக்கை வந்தது. இருபதாண்டு கழித்து, 2022 சனவரியில், காணி எல்லைபற்றிய பிணக்கினால் இத்தீவின் ஊரார் இருதிறத்தார் மோதினர். உயிர்கள் மாண்டன, வீடுகள் மறுபடியும் எரிந்தன, ஓர் ஊரார் முழுவதும் இடம்பெயர்ந்தனர். மீனுக்குக் கட்டிய குருத்தோலையை எல்லைக்கல்லுக்குக் கட்ட இயலவில்லையே என்று நான் சொன்னேன். முதியவர் நெடுநேரம் ஆற்றையே பார்த்திருந்தார். "மீன் ஆண்டுதோறும் வந்து எங்களுக்கு நினைவூட்டுகின்றது. கல் ஒன்றும் சொல்வதில்லை" என்றார்.

அச்சொல் என்னைச் சுட்டது. எனக்கும் என் தம்பிக்கும் பொதுவாக ஒரு பங்குக் கிணறு உண்டு. உறுதியில் எழுதிய பங்கு யாருக்கு எவ்வளவு என்று ஏழாண்டுகளாக வழக்காடுகின்றோம். வழக்கு நடக்கும்போதே இருவரும் போட்டியிட்டு இயந்திரம் வைத்து இறைத்தோம். சுண்ணக்கல் நிலத்தில் நன்னீரை மிகுதியாக இறைத்தால் உவர்நீர் மேலேறும் என்பதை இருவரும் அறிவோம். அறிந்தே இறைத்தோம்.

ஊர் திரும்பிய மறுநாள் தம்பி வீட்டுப் படலையைத் திறந்தேன். என்னைக் கண்டதும் அவன் திகைத்து, "அண்ணை, உள்ளே வாங்கோ" என்றான். வழக்கைப் பற்றி நான் பேசவில்லை. ஐப்பசி மழை விழும்வரை இயந்திரத்தை இருவரும் நிறுத்துவோம், துலாவினால் மட்டும் இறைப்போம் என்று கேட்டேன். அவன் உடனே விடை சொல்லவில்லை. மாலையில் அவனுடைய மகன் வந்து, "அப்பா சரியென்று சொல்லச் சொன்னவர், பெரியப்பா" என்றான்.

வழக்கு இன்னும் முடியவில்லை. யாருக்கு எவ்வளவு என்பதை நீதிமன்றம் சொல்லும். கிணற்றுக் கட்டில் ஒரு குருத்தோலையைக் கட்டி வைத்தேன். அயலார் என்ன சடங்கென்று கேட்கின்றனர்.